தரையெல்லாம் துப்பாக்கிக் குண்டு

சென்ற மாதம் பெரம்பலூர் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்க்கும் தம்பிகள் இரண்டு பேர் என்னைச் சினிமாவுக்கு அழைத்துப் போனார்கள். பட்டணத்து நண்பர்கள் ஐந்து பேர் விடுமுறைக்குக் காட்டுப் பக்கம் போய், வழி தவறி, ஒருவர் பின் ஒருவராக ஆபத்தில் சிக்கும் கதை. நன்றாகவே எடுத்திருந்தார்கள். தண்ணீர் தீர்ந்துபோகும் இடத்தில் எனக்கே தொண்டை வறண்டது. ஆனால் ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அவர்களைத் தேடுகிறவர்கள் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் வருகிறார்கள். அதுவரை அவர்கள் எங்கே இருந்தார்கள், அவர்களுக்கு யார் தகவல் சொன்னது, எதை வைத்துச் சரியாக அந்தப் பாறைக்கு வந்து சேர்ந்தார்கள் என்று படத்தில் ஒரு வரியும் இல்லை.

வெளியே வந்து டீ குடிக்கும்போது தம்பிகளில் ஒருவர் கேட்டார். "ஏன் சார், நம்ம பக்கம் இந்த மாதிரி நடந்துருக்கா? இங்க அப்படி ஒண்ணும் பெரிய காடு இல்லியே."

"ஒரு தடவை நடந்துருக்கு. நான் அந்த இடத்துல இல்ல. போன் பக்கத்துல உக்காந்திருந்தேன்."

"லொகேஷன் அனுப்பச் சொன்னீங்களா?"

அப்போது அப்படி ஒன்று இல்லை என்று சொன்னதும் இருவரும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்கள். பிறகு எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார்கள். நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயமாக இல்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் சவரிமுத்து. ஏலாக்குறிச்சிப் பக்கம் விவசாயக் குடும்பம். அண்ணன்மார் இருவரும் வாத்தியார் வேலைக்குப் போனார்கள். எனக்குப் படிப்பைவிட ஓட்டம் நன்றாக வந்தது. தீயணைப்புத் துறையில் சேர்ந்தேன். பயிற்சியில் சொன்னதெல்லாம் இப்போது கலங்கலாகத்தான் நினைவிருக்கிறது. ஓடு, ஏணி ஏறு, குழாயை விரி, குழாயைச் சுருட்டு, திரும்பவும் ஓடு. இருபது வருடம் நாலைந்து ஊர்களில் வேலை செய்துவிட்டு, பெரம்பலூர் தனி மாவட்டமான சமயத்தில் இங்கே மாற்றலாகி வந்தேன். அடுத்த வருடம் வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்தில் கிணற்றில் விழுந்த காளையை மேலே தூக்கும்போது கயிறு நழுவி, அது என் மேல் சாய்ந்தது. காளைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு இடுப்பில் தட்டு விலகியது. இனிமேல் வண்டியில் போகக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

அப்படித்தான் வாட்ச் ரூமுக்கு வந்தேன். நிலையத்தின் முன்பக்கம் உள்ள சின்ன அறை அது. ஒரு மேசை, 101 போன், ஆபீஸ் போன், மணி அடிக்கும் பொத்தான், அழைப்புப் பதிவேடு. பிற்பாடு ஒரு வயர்லெஸ் பெட்டியும் வந்தது. வேலைக்கு லாயக்கில்லாதவனை உட்கார வைக்கும் இடம் என்று நினைத்து முதல் ஆறு மாதம் யாருடனும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். மணியை அடித்ததும் மற்றவர்கள் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடுவார்கள். வண்டி கிளம்பிப் போனபின் அந்த அறையில் விழும் அமைதி எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

நிலைய அலுவலராக இருந்தவர் கபூர் சார். லப்பைக்குடிக்காட்டுக்காரர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். அவருடைய அண்ணன் தம்பி எல்லோரும் துபாயில் கடை வைத்திருந்தார்கள். ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் அவரையும் கூப்பிடுவார்கள். "அங்க தீயணைக்க ஆளு இருக்காங்க" என்று சொல்லிவிடுவார். யாரையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். சாதாரணமாகவே மெதுவான குரல். விஷயம் எவ்வளவு பெரியதோ அவ்வளவு இன்னும் மெதுவாகும். அவர் கிட்டத்தட்ட முணுமுணுத்தால் நாங்கள் எல்லோரும் பூட்ஸைத் தேட ஆரம்பித்துவிடுவோம்.

காலையில் வந்ததும் அழைப்புப் பதிவேட்டை எடுத்து, வரி வரியாக விரல் வைத்துப் படிப்பார். என் நாற்காலியில் உட்கார மாட்டார். நின்றுகொண்டேதான் படிப்பார்.

ஒரு நாள் சாயங்காலம் ஒருவர் போன் செய்து, ஊர் பெயரைச் சொல்லி, "கொட்டாயி எரியுதுங்க, சீக்கிரம் வாங்க" என்று வைத்துவிட்டார். அந்த ஊரில் ஒரு டூரிங் டாக்கீஸ் இருந்தது. படம் ஓடும் நேரம். நான் பதிவேட்டில் 'சினிமா கொட்டகையில் தீ' என்று எழுதி மணியை அடித்தேன். வண்டி அலறிக்கொண்டு போய் நின்றபோது அங்கே படம் ஓடிக்கொண்டிருந்தது. வண்டியைப் பார்த்துச் சனங்கள் எழுந்து ஓடியதில் இரண்டு பேர் விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டார்கள். எரிந்தது ஊரின் மறுகோடியில் ஒரு மாட்டுக் கொட்டகை. வண்டி சுற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் இரண்டு பசுக்கள் போய்விட்டன.

மறுநாள் கபூர் சார் அந்த வரியில் விரலை வைத்தார்.

"அவர் சினிமான்னு சொன்னாராங்க?"

"இல்லீங்க சார். கொட்டாயின்னார்."

"அப்ப இந்த 'சினிமா' யாரோட வார்த்தை?"

என்னுடையதுதான் என்றேன். அவர் திட்டவில்லை. "அவங்க சொன்ன வார்த்தைய அப்படியே எழுதுங்க சவரிமுத்து. அர்த்தம் பண்றத அப்புறம் ரெண்டு பேரும் சேந்து பண்ணிக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

அன்றிலிருந்துதான் அந்த அறையில் எனக்கு ருசி ஏற்பட்டது. பயந்த மனிதர்கள் என்ன வார்த்தை சொல்கிறார்கள் என்று கவனிக்கத் தொடங்கினேன். ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரித் தோப்பில் தீப்பிடித்தால் 'பத்திக்கிச்சு' என்பார்கள். வீடு பிடித்தால் 'போச்சு' என்பார்கள். தீயின் அளவு சிறிதாக இருந்தால் நிறையப் பேசுவார்கள். பெரிதாக இருந்தால் ஊர் பெயரை மட்டும் மூன்று தடவை சொல்வார்கள். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பதிவேட்டைத் திருப்பிப் படிக்கும்போது தானாகத் தெரிந்தது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், மே மாதம், கத்திரி வெயில். பகல் ஒன்றே முக்கால். அப்போதெல்லாம் செல்போனிலிருந்து 101 அடித்தால் அது எந்த ஊர் நிலையத்துக்குப் போய் விழும் என்று சொல்ல முடியாது. பக்கத்து மாவட்டத்து நிலையம் ஒன்றிலிருந்து எங்களுக்குப் பேசினார்கள்.

"உங்க பக்கம் ஏதோ துப்பாக்கிச் சூடு போல. கல்மரம் பாக்க வந்த சென்னைப் பசங்க நாலு பேரு. ஒருத்தர் விழுந்துட்டாராம். போலீஸுக்கும் சொல்லிட்டோம்."

கபூர் சார் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் எழுதியதை எட்டிப் பார்த்துவிட்டு, "கூப்புட்டவங்க என்ன வார்த்தை சொன்னாங்கன்னு கேளுங்க" என்றார்.

கேட்டேன். எதிர்முனையில் இருந்தவருக்குச் சலிப்பு. "ஒரு பொண்ணுதான் பேசுச்சு. தரையெல்லாம் துப்பாக்கிக் குண்டா கெடக்கு, ஒருத்தர் விழுந்துட்டாருன்னுச்சு. அப்புறம் லைன் கட்டாயிடுச்சு. வேற என்ன வேணும்?"

அந்தப் பெண்ணின் செல்போன் எண் வேண்டும் என்றேன். நல்லவேளையாகக் குறித்து வைத்திருந்தார். ஆபீஸ் போனிலிருந்து அடித்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"பெரம்பலூர் தீயணைப்பு நிலையம்மா. என் பேரு சவரிமுத்து. நீங்க யாரு?"

"நித்யா சார்."

"சுட்டது யாரும்மா?"

"சுட்டதா? யாரும் சுடல சார். பிரவீன் வெயில்ல மயங்கி விழுந்துட்டான். ஏதோ ஒளர்றான். வேர்வையே இல்ல, ஒடம்பு கொதிக்குது."

"குண்டுன்னு சொன்னீங்களாம்."

"அது இடத்துக்கு அடையாளம் சொன்னேன் சார். கல்லுலயே துப்பாக்கிக் குண்டு மாதிரி நீளமா, முனை கூரா, தரை முழுக்கக் கெடக்கு. வேற என்ன சொல்றதுன்னு தெரியல. சுத்தி எல்லாம் மண்ணு பள்ளம்தான். எல்லாம் ஒரே மாதிரி இருக்கு."

வார்த்தை மாறாமல் எழுதினேன். கபூர் சார் என் தோளுக்கு மேலாகப் படித்தார். "காரை" என்றார், ரொம்ப மெதுவாக. "போன வருஷம் காரை ஓடையில விழுந்த ஆட்டத் தூக்கப் போனப்ப இந்தக் கல்லுதான் பூட்ஸுக்கு அடியில உருண்டுச்சு."

பெரம்பலூரிலிருந்து சாத்தனூர் கல்மரம் பார்க்கப் போகிறவர்கள் பலருக்கும் பக்கத்தில் காரை என்று ஓர் ஊர் இருப்பது தெரியாது. எத்தனையோ கோடி வருடத்துக்கு முன் அந்தப் பக்கம் கடலாக இருந்ததாம். மரம் கல்லானதுபோல, கணவாய் போன்ற ஒரு கடல் பிராணியின் உடம்புக்குள் இருந்த கூரிய ஓடு கல்லாகிக் கிடக்கிறது. அதுதான் அவள் சொன்ன குண்டு. மழை அரித்து அரித்து அங்கே களிமண் பூமி முழுக்க ஓடைகளாகப் பிளந்திருக்கும். ஆள் உயரம், இரண்டு ஆள் உயரம். மரம் கிடையாது. ஒரே திசையில் விடாமல் நடந்தால் ஒரு மணி நேரத்தில் எப்படியும் ஒரு பாதையைப் பிடித்துவிடலாம். ஆனால் ஓடைக்குள் இறங்கியவரால் ஒரே திசையில் நடக்க முடியாது. ஓடை திரும்புகிற பக்கம்தான் அவரும் திரும்ப வேண்டும்.

கபூர் சார் மணியைத் தானே அடித்தார். "பிஸ்மில்லாஹ்" என்று முனகிக்கொண்டே வண்டியில் ஏறினவர், ஜன்னல் வழியாக என்னிடம், "நாங்க எங்க போறோம்னு யோசிக்காதீங்க. அந்தப் புள்ளைய விட்டுடாதீங்க" என்றார்.

மறுபடி நித்யாவிடம் பேசினேன். நான்கு பேரும் சென்னையில் ஒரே ஆபீஸ். நித்யா, தீபா, பிரவீன், ஆனந்த். ஆனந்துக்குச் சினிமா எடுக்க ஆசை. காட்டில் மாட்டிக்கொண்ட நண்பர்களைப் பற்றி ஒரு கதை வைத்திருந்தானாம். கல்மரம் பார்க்க வந்த இடத்தில் யாரோ இந்த ஓடைகளைப் பற்றிச் சொல்ல, இதுதான் என் படத்துக்கான இடம் என்று எல்லோரையும் இழுத்து வந்திருக்கிறான். காலை பத்து மணிக்கு ஒரு ஏரிக்கரையில் காரை நிறுத்திவிட்டு, கையில் வீடியோ கேமராவுடன் இறங்கியிருக்கிறார்கள். எந்த ஏரி என்று அவளுக்குத் தெரியவில்லை. பிரவீன் விழுந்ததும், காரில் இருக்கும் தண்ணீரைக் கொண்டுவருகிறேன் என்று ஆனந்த் போயிருக்கிறான். போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவன் செல்போனுக்கு அடித்தால் கிடைக்கவில்லை.

"உங்க போன்ல சார்ஜ் எவ்வளவு இருக்கும்மா?"

"ரெண்டு கோடு சார்."

"அப்ப நீங்க யாருக்கும் அடிக்காதீங்க. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நானே கூப்புடுறேன். சிக்னல் இருக்குற இடத்த விட்டு மட்டும் நகராதீங்க. நீங்க நகந்துட்டா எங்களுக்கு வேற வழியே இல்ல. புரியுதுங்களா?"

"சரி சார்."

"நிழல் இருக்கா?"

"இருக்கு சார். ஓடைச் சுவரு ஓரமா இருக்கு. அங்கதான் பிரவீனப் படுக்க வெச்சிருக்கோம்."

"தண்ணி?"

"அரை பாட்டில் இருக்கு. குடுக்கவா?"

கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, 101 போனில் அரசு மருத்துவமனை டாக்டரைப் பிடித்தேன். அந்தப் போனை நம் வேலைக்குப் பிடித்து வைக்கக் கூடாது என்பது விதி. அன்று மீறினேன். டாக்டர் கேட்டது இரண்டே கேள்வி. வியர்க்கிறதா, சொன்னதைப் புரிந்துகொள்கிறாரா? இரண்டுக்கும் இல்லை என்றதும், "வாயில ஒரு சொட்டு ஊத்தக் கூடாது. புரையேறிடும். துணிய நனைச்சுக் கழுத்து, அக்குள், தொடை இடுக்குல வெக்கச் சொல்லுங்க. விசிறிக்கிட்டே இருக்கணும். சீக்கிரம் கொண்டு வாங்க, நான் ஆள் அனுப்பறேன்" என்றார். 108 வண்டியெல்லாம் வராத காலம். மருத்துவமனையின் ஜீப்பைக் காரைக்கு அனுப்பினார்.

தாகத்தில் கிடக்கிற ஒருவனுக்குத் தண்ணீர் கொடுக்காதே என்று சொல்வது சுலபமில்லை. டாக்டர் சொன்னதை நித்யாவிடம் அப்படியே சொன்னேன். அவள், "தீபா, துப்பட்டாவ நனை. குடுக்கக் கூடாதாம். குடுக்காத" என்று கத்தினாள். தூரத்தில் தீபா ஏதோ கேட்டது என் காதில் விழுந்தது. "குடுக்காதன்னு சொல்றேன்ல" என்று மறுபடி கத்தினாள். இதையும் எழுதினேன்.

இரண்டரை மணிக்கு வண்டி காரையைத் தாண்டியது. கபூர் சாருக்கு ஒரு யோசனை. மண் சாலையில் மெதுவாகப் போய்க்கொண்டே சைரனை அடிப்பது. நான் நித்யாவிடம் போனில் கேட்க வேண்டும், சத்தம் வருகிறதா என்று. ஒரு கையில் போன், ஒரு கையில் வயர்லெஸ். வண்டியை நிறுத்தி நிறுத்தி அடித்தார்கள்.

"கேக்குதாம்மா?"

"கேக்குது சார். லேசா. வலது பக்கம்."

வண்டியை முன்னால் நகர்த்தச் சொன்னேன்.

"இப்ப?"

"இப்ப இடது பக்கம் கேக்குது. இல்ல, பின்னாடி."

ஓடைச் சுவர்களில் மோதி மோதி அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் போய்விட்டது. வண்டி அரை கிலோமீட்டர் தள்ளிப் போனபின்னும் அவளுக்கு அதே அளவில்தான் கேட்டது. கபூர் சாரிடம் சொன்னேன். "சரி" என்று மட்டும் சொன்னார். குரல் இன்னும் இறங்கியிருந்தது.

ஆனால் அந்தச் சத்தத்தை வேறு ஒருவன் கேட்டிருந்தான். நிறுத்தியிருந்த காரைத் தேடிப் போய் வழி தவறி, வேறொரு ஓடையில் சுற்றிக்கொண்டிருந்த ஆனந்த், சத்தம் நின்று போவதற்குள் என்று மேட்டில் ஊர்ந்து ஏறிச் சாலைக்கு வந்துவிட்டான். முழங்கை இரண்டும் தோலுரிந்து, கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தானாம். வயர்லெஸில் கபூர் சார் சொன்னார்.

"ஒருத்தர் கெடைச்சிருக்கார். தண்ணி குடுத்திருக்கோம். மத்தவங்க இருக்குற எடம் தெரியலங்கிறார். அழுவுறார்."

என்னால் அப்போது அந்தப் பையனைப் பற்றி நினைக்க முடியவில்லை. சாலைக்கு வரத் தெரிந்தவனுக்குத் திரும்பிப் போகத் தெரியவில்லையே என்று எரிச்சல்தான் வந்தது. அடுத்த அரை மணி நேரம் வயர்லெஸில் வெறும் இரைச்சல். அந்த நேரத்தில் நடந்ததை வண்டியில் இருந்தவர்கள் பிறகுதான் சொன்னார்கள்.

சைரனுக்கு ஆடுகள் கலைந்து ஓடிவிட்டதென்று திட்டிக்கொண்டே ஒரு அம்மாள் வந்திருக்கிறார். பெயர் செல்லாயி. நாற்பது வயதிருக்கும். "என்னய்யா இது, தீயும் இல்ல ஒண்ணும் இல்ல, சும்மா கத்த விட்டுக்கிட்டு" என்று அவர் சண்டைக்கு நிற்க, கபூர் சார் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு ஆனந்த் பக்கம் திரும்பியிருக்கிறார்.

"தம்பி, காலையிலேருந்து இதுல படம் புடிச்சீங்களா?"

"ஆமா சார்."

"நடந்து போனதப் புடிச்சீங்களா?"

"நடந்து போறதத்தான் சார் புடிச்சேன். அதான் சீன்."

கேமராவின் ஓரத்தில் மடக்கிய சின்னத் திரை ஒன்று உண்டு. ஃபயர் வண்டியின் நிழலில், தலைக்கு மேல் துண்டைப் பிடித்துக்கொண்டு, ஆனந்த் டேப்பை முதலிலிருந்து ஓட்டினான். காரிலிருந்து இறங்குகிறார்கள், சிரிக்கிறார்கள், பிரவீன் கேமராவைப் பார்த்துச் செத்து விழுவதுபோல் நடிக்கிறான். கபூர் சாருக்கும் மற்றவர்களுக்கும் எல்லாம் வெறும் மண்ணாகத்தான் தெரிந்தது. அப்போது செல்லாயி அம்மாள் விரலை நீட்டினார்.

"நிறுத்துய்யா. இது நரி ஓடை வாயி. அந்தா, அந்த ஒத்தக் கருவேலம் தெரியுது பாரு."

இன்னும் ஓட்டினார்கள்.

"இங்க பிரியுது. இந்தப் பக்கம் போனா சின்ன நரி ஓடை. அந்தப் பக்கம் போனா வெள்ளக்கல்லு ஓடை. இதுங்க வெள்ளக்கல்லுப் பக்கம்ல போவுதுங்க. அங்க தண்ணி ஏது, நெழல் ஏது? எதுக்குப் போனீங்க அங்க?"

எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்று நித்யா சொன்னாளே, அந்த இடத்தில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு பெயர் இருந்தது. செல்லாயி ஆடுகளை அப்படியே விட்டுவிட்டு முன்னால் நடந்தார். கபூர் சார் வயர்லெஸ்காரரைச் சாலையில் நிறுத்திவிட்டு, ஸ்ட்ரெச்சருடன் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு பின்னால் போனார்.

இது எதுவும் தெரியாமல் நான் நித்யாவுடன் பேசிக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு மேல் அவள் பதில்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. 'சரி சார்' என்பது 'ம்' ஆனது. தூங்கிவிடுவாளோ என்று பயம். எதையாவது கேட்க வேண்டுமே என்று, "அந்தப் படத்துக் கதை என்னம்மா?" என்றேன்.

"எங்கள மாதிரிதான் சார். நாலு பேர் மாட்டிக்கிறாங்க."

"கடைசியில என்ன ஆவுது?"

"இன்னும் எழுதல. ஒருத்தன் சாவணும், அப்பதான் படம் நிக்கும்னு ஆனந்த் சொன்னான். காலையில கார்ல வரும்போது அதுக்குத்தான் சண்டை. நான் வேணாம்னேன்."

"பிரவீன் என்ன சொன்னாரு?"

"நானே செத்துப்போறேன், சண்டை போடாதீங்கன்னான்."

அதையும் எழுதினேன். அவளே கேட்டாள். "சார், நீங்க எங்க இருக்கீங்க?"

"ஆபீஸ்லம்மா. பெரம்பலூர்ல."

"ஃபேன் ஓடுதா?"

"ஓடுது."

"சத்தம் கேக்குது" என்றாள்.

மூன்று இருபதுக்கு அடித்தபோது மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. என் கை பதிவேட்டில் 'பதில் இல்லை' என்று எழுதிவிட்டு, அதற்குக் கீழே நேரத்தையும் எழுதியது. மூன்றாம் முறை அடித்தபோது போன் அணைந்திருப்பதாகப் பதிவுக் குரல் சொன்னது. சார்ஜ் தீர்ந்திருக்கலாம். வேறு எதுவாகவும் இருக்கலாம். வயர்லெஸில் சொன்னேன். "சார் உள்ள போயிட்டாரு, போய்ச் சொல்ல ஆள் இல்ல" என்று பதில் வந்தது. இடுப்பு வலியுடன் எழுந்து நின்றேன். எங்கே போவது? திரும்ப உட்கார்ந்தேன்.

மூன்று நாற்பதுக்கு வயர்லெஸ் கரகரத்தது. "மேட்டு மேல ஒரு பொண்ணு தெரியுதாம். உக்காந்துருக்காம்."

கொஞ்ச நேரம் கழித்து, "மூணு பேரும் இருக்காங்க. மூணு பேருக்கும் உயிரு இருக்கு."

பிரவீனை ஜீப்பில் ஏற்றிப் பெரம்பலூருக்குக் கொண்டுவந்து, பிறகு திருச்சிக்கு அனுப்பினார்கள். ஒரு வாரத்துக்குமேல் படுக்கையில் இருந்தார். பிழைத்துக்கொண்டார். அன்றைய பகலில் ஒரு துளியும் அவர் நினைவில் இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். ஈரத்துணி இல்லாவிட்டால் அவ்வளவு நேரம் தாங்கியிருக்காது என்று டாக்டர் கபூர் சாரிடம் சொன்னாராம். தீபாவுக்குக் களைப்பு மட்டும்தான். நித்யாவுக்கு இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பயந்துபோயிருப்பாள், பாவம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனந்த் எங்கள் நிலையத்து வாசலில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தான். கபூர் சார் அவனுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, ஏதோ பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் பதிவேட்டில் அந்தப் பக்கம் முழுவதையும் கபூர் சார் விரல் வைத்துப் படித்தார். ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

ஆனாலும் அந்த இடம் எப்படி இருக்கும் என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. இரண்டு மணி நேரம் ஒரு குரல் என் காதில் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று கண்ணால் பார்க்க வேண்டும். அடுத்த வாரம் ஓய்வு நாளில், கபூர் சாரிடம் அவர் செல்போனை இரவல் வாங்கிக்கொண்டு, பஸ் பிடித்துக் காரைக்குப் போனேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த செல்லாயி அம்மாளே கூட்டிப் போனார். இடுப்புக்காக நான் நின்று நின்று நடக்க, அவரும் நின்று நின்று நடந்தார். காலடியில் அந்தக் கல் குண்டுகள் உருண்டன. இரண்டைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஓடை வளைகிற ஒரு இடத்தில் சுவர் முன்பக்கம் துருத்திக்கொண்டு, கீழே பாய் அகலத்துக்கு நிழல் கிடந்தது. "இங்கதான் அந்தத் தம்பியப் போட்டிருந்துச்சுங்க" என்றார் செல்லாயி.

"பேசிக்கிட்டிருந்த பொண்ணு?"

அவர் எதிரே கையைக் காட்டினார். பதினைந்து தப்படி தள்ளி ஒரு மண்மேடு. மேலே புல்கூட இல்லை. "அது மேலதான். நாங்க வந்தப்ப உக்காந்துருந்துச்சு. கூப்புட்டேன். எந்திரிக்கல. போன மட்டும் கையில இறுக்கிப் புடிச்சிருந்துச்சு."

கபூர் சாரின் செல்போனை எடுத்து நிழலில் பார்த்தேன். சிக்னல் இல்லை. ஓடையில் அங்கும் இங்கும் நடந்து பார்த்தேன். இல்லை. கையை ஊன்றி மேட்டில் ஏறினேன். இரண்டு கோடு வந்தது. ஒரு எட்டு இந்தப் பக்கம் வைத்தால் போய்விட்டது. அந்தப் பக்கம் வைத்தாலும் போய்விட்டது.

காலை பதினொரு மணி. ஐந்து நிமிடம் நின்றிருப்பேன். மேலே இருந்து அடிப்பதைவிட அந்த வெளுத்த மண்ணிலிருந்து எழும்பி அடிக்கும் வெயில் கண்ணைக் குத்தியது. அவள் தீபாவைக் கூப்பிட்டுக் கத்தியது அப்போதுதான் காதுக்குள் திரும்பக் கேட்டது. பக்கத்தில் இருப்பவளிடம் யாரும் அப்படிக் கத்த மாட்டார்கள். கத்தினாள் என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

அங்கேயே நின்று அவள் எண்ணுக்கு அடித்தேன். சென்னையில் வீட்டில் இருந்தாள். என் குரலைக் கேட்டதும் அடையாளம் தெரிந்துகொண்டாள். பிரவீன் கஞ்சி குடிக்கிறான் என்று சொன்னாள். நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று சொன்னேன்.

"ரெண்டு மணி நேரம் இது மேலயா நின்னீங்க? ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நகராதீங்கன்னு சொன்னீங்க சார்."

"நிழல் இருக்கான்னு கேட்டேனேம்மா."

"நிழல் இருக்கான்னுதான் சார் கேட்டீங்க" என்றாள். குரலில் குறை எதுவும் இல்லை. "இருந்துச்சு."

போனை வைத்த பிறகும் எனக்கு அங்கிருந்து நகரத் தோன்றவில்லை. கீழே சுவரோரம் உட்கார்ந்திருந்த செல்லாயி அம்மாள் நெற்றியில் கையை வைத்து என்னை அண்ணாந்து பார்த்தார்.

"எறங்கி வாங்கய்யா. அங்க எதுக்கு நின்னுக்கிட்டு?"